‘மிரர்’ பார்த்தோம், அப்புறம் ஒருவர் விளக்கினார்

செந்தூல் ரயில் | வெள்ளி, இரவு 11.20

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் தார்க்கோவ்ஸ்கியின் ‘மிரர்’ பார்த்தோம். 1975இல் வந்த ரஷ்யப் படம். மொத்தம் பதினோரு பேர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மிச்சப் பேர் பாயில். கீழே பூக்கடை என்பதால் படிக்கட்டு முழுக்க மல்லிகை வாசம்.

படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலேதான் போனேன். ஆரம்பத்தில் ஒரு பெண் வேலிக்கட்டையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எதிரே வயல்வெளி. வழி தவறியவர்போல ஒருவர் வருகிறார், டாக்டர் என்கிறார், பக்கத்தில் உட்காருகிறார். வேலி முறிந்து இரண்டு பேரும் விழுகிறார்கள். அவர் விழுந்த இடத்திலேயே கிடந்து சிரிக்கிறார், செடிகொடிகளைப் பற்றி ஏதோ பேசுகிறார், எழுந்து நடக்கிறார். பாதி வயல் தாண்டியிருப்பார், திடீரென்று ஒரு காற்று. புல் எல்லாம் அவர் பக்கத்திலிருந்து நம் பக்கமாகப் படுத்துக்கொண்டே வருகிறது. அவர் நின்று திரும்பிப் பார்க்கிறார். மறுபடி காற்று. அவ்வளவுதான். எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் யாரும் பேசவில்லை. எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. அப்போதுதான் ஒருவர் எழுந்தார். நாற்பது நிமிடம். காற்று என்றால் விட்டுப்போன அப்பா. தண்ணீர் என்றால் நினைவு. பால் என்றால் தாய்மை. எரிகிற களஞ்சியம் என்றால் உடைந்த குடும்பம். மளிகைப் பட்டியலை டிக் போடுவதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கெட்ட மனிதர் இல்லை, நிறையப் படித்தவர்தான்.

வீட்டுக்கு வந்து அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். புல் அசைந்தது. ‘அப்பா வருகிறார்’ என்று மண்டைக்குள் அவர் குரல். போச்சு. என்னுடைய காற்றை யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த மாதிரி படங்களுக்கு விளக்கம் தேவையா? அல்லது பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டுமா?

நைட் ஷிஃப்ட் | வெள்ளி, இரவு 11.48

மூன்று மணி நேரம் காற்று அடிப்பதைப் பார்க்க என் வீட்டு ஃபேன் போதும். பயான் லெப்பாஸிலிருந்து வணக்கம்.

செந்தூல் ரயில் | வெள்ளி, இரவு 11.51

மூன்று மணி நேரம் இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். திட்டுவதாக இருந்தாலும் சரியான கணக்கோடு திட்டுங்கள்.

கத்தரிக்கோல் | சனி, காலை 9.05

நான் படத்தொகுப்பில் இருக்கிறேன். டிவி நாடகம்தான், பெருமையாக ஒன்றுமில்லை. இந்த விஷயத்தில் செந்தூல் பக்கம்.

தார்க்கோவ்ஸ்கி தன் புத்தகத்தின் முன்னுரையில் ரசிகர்கள் எழுதிய கடிதங்களைச் சேர்த்திருக்கிறார். லெனின்கிராட் பொறியாளர் ஒருவர், ‘மிரர்’ படத்தில் என்னதான் நடக்கிறது என்று கண்டுபிடிக்கப் பாடுபட்டு, அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது என்று எழுதுகிறார். கோர்க்கி நகரத்துப் பெண்மணி இன்னொருவர், என் சின்ன வயது இப்படித்தான் இருந்தது, அதே காற்று, அதே இடிமழை, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார். ஒரே படம். பொறியாளர் புதிர் அவிழ்க்கப் போனார், அந்தம்மா தன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்.

அவருடைய ‘ஸ்டாக்கர்’ படத்தில் ‘மண்டலம்’ என்று ஒரு தடைசெய்யப்பட்ட இடம் வரும். அது எதைக் குறிக்கிறது என்று கேட்டுக் கேட்டு அவரைத் துளைத்திருக்கிறார்கள். எதையும் குறிக்கவில்லை, மண்டலம் மண்டலம்தான், அது வாழ்க்கை என்று சொல்லிவிட்டார். என் படத்தில் வருகிற எதுவும் எதற்கும் குறியீடு கிடையாது என்றும் சொன்னார்.

இன்னொன்று. அதே ‘ஸ்டாக்கர்’ படத்தில் ஆற்றில் வெள்ளை நுரை மிதந்து போகும். தாலினுக்குப் பக்கத்தில், எஸ்தோனியாவில் எடுத்தது. அதைத் தூய்மை என்றும் அருள் என்றும் சொல்லி என்னிடம் ஒருவர் அரை மணி நேரம் பேசியிருக்கிறார். அந்தப் படத்தின் ஒலிப்பதிவாளர் பின்னாளில் சொன்னது வேறு. ஆற்றின் மேல்பக்கம் ரசாயனத் தொழிற்சாலை இருந்தது, அது விட்ட கழிவு அந்த நுரை, படத்தில் வேலை செய்தவர்கள் சிலர் புற்றுநோயில் போனதற்கே அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார். தார்க்கோவ்ஸ்கி 1986இல், 54 வயதில், புற்றுநோயில்தான் இறந்தார். அருள் என்று சொன்னவரிடம் இதைச் சொன்னேன். “அப்படியானால் அர்த்தம் இன்னும் ஆழமாகிறது” என்றார். இவர்களை எதுவும் செய்ய முடியாது.

படகுத்துறை | சனி, காலை 10.30

செந்தூல் அக்கா, உங்களுக்காகவே ஒரு கதை இருக்கிறது. தார்க்கோவ்ஸ்கி ஒரு பேட்டியில் சொன்னது. ‘மிரர்’ திரையிட்ட பிறகு விவாதம் நள்ளிரவு தாண்டிப் போய்க்கொண்டே இருந்ததாம். அரங்கைப் பெருக்க வந்த அம்மா காத்திருந்து காத்திருந்து பொறுமை இழந்துவிட்டார். இதில் என்ன இவ்வளவு பேச்சு, ஒரு மனுஷன் நோயில் விழுந்தான், சாவு பயம் வந்தது, அடுத்தவர்களுக்குத் தான் செய்த கெடுதல் எல்லாம் நினைவுக்கு வந்தது, மன்னிப்புக் கேட்கப் பார்க்கிறான், அவ்வளவுதானே என்றாராம். விமர்சகர்கள் எல்லாம் வாயடைத்துப் போனார்கள்.

படிக்காத மனசுக்குத்தான் படம் நேரே போய்ச் சேரும். எங்கள் பட்டர்வொர்த்தில் இதற்கு “ஒரே போடு” என்று பெயர்.

மூன்றாம் வரிசை | சனி, மதியம் 1.15

அந்த நாற்பது நிமிட ஆசாமி நான்தான்.

நண்பர் சுட்டி அனுப்பி, “உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், போய்ப் பார்” என்றார். பார்த்தேன். மளிகைப் பட்டியல் என்பது சரியான அடி. அன்றைக்கு நான் பேசியது அதிகம்தான். காற்றை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துப் பேசவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை.

படத்தில் அச்சகக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அந்த அம்மா கொட்டுகிற மழையில் அச்சகத்துக்கு ஓடுகிறாள். பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. ஏதோ ஒரு வார்த்தையைத் தப்பாக விட்டுவிட்டோமோ என்று சந்தேகம். இயந்திரங்களுக்கு நடுவே ஓடி, தாள்களைப் புரட்டி, கடைசியில் பிழை இல்லை என்று தெரிந்ததும் அழுகிறாள். தோழியின் காதில் அந்த வார்த்தையைச் சொல்கிறாள், நமக்குக் கேட்காது. அன்றைக்கு மாடியில் நாலைந்து பேர் அந்த இடத்தில் கைப்பேசியை எடுத்தார்கள். உங்களைச் சொல்லவில்லை. பின்னாலிருந்து எனக்கு வெளிச்சம் தெரிந்தது.

அது ஸ்டாலின் காலம். அச்சகத்தில் அவர் படமும் தெரியும். அந்தக் காலத்தில் ஒரே ஒரு எழுத்துப் பிழைக்கு ஆள் காணாமல் போயிருக்கலாம். இது தெரியாதவருக்கு அது பஸ்ஸைத் தவறவிட்ட பெண் ஓடுவது மாதிரி. தெரிந்தவருக்கு வயிறு கலங்கும். தார்க்கோவ்ஸ்கியின் அம்மா உண்மையிலேயே மாஸ்கோவில் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். படத்தில் கவிதை வாசிக்கிற குரல் அவருடைய சொந்த அப்பாவுடையது, கவிஞர் அர்செனி தார்க்கோவ்ஸ்கி. குடும்பத்தை விட்டுப் போனவர். கடைசியில் வருகிற வயதான அம்மா அவருடைய சொந்த அம்மா. விட்டுப்போன கணவனின் குரலும் விடப்பட்ட மனைவியின் முகமும் ஒரே படத்தில், மகன் எடுத்த படத்தில். இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது எப்படிக் குறைவான அனுபவம் ஆகும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் முதல் தடவை இதைப் பார்த்தது வாடகை அறையில், பழைய லேப்டாப்பில், அப்பா தவறிப்போன மூன்றாவது மாதம். அந்தக் காற்று வந்தபோது லேப்டாப்பை மூடிவிட்டேன். ஒரு வாரம் திறக்கவில்லை. அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன், கிடைத்ததையெல்லாம். படிக்காமல் அந்தக் காட்சியைத் தாண்ட முடியவில்லை. காற்று என்றால் அப்பா என்று நான் சொன்னது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

செந்தூல் ரயில் | சனி, மதியம் 1.40

ஐயோ. கடைசி வரியைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்களும் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? “தண்ணீர் என்றால் நினைவு” என்பதை விட்டுவிட்டு இதைச் சொல்லியிருந்தால் இங்கே வந்து புலம்பியிருக்கவே மாட்டேன்.

மூன்றாம் வரிசை | சனி, மதியம் 1.52

பத்து பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது. தண்ணீர் என்றால் நினைவு என்று சொல்வது சுலபம்.

தண்ணீர்மலை அடிவாரம் | சனி, மாலை 5.30

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான், பினாங்கு. படம் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் பேசுவது எனக்கு முப்பது வருடப் பழக்கமான தகராறு.

குறுந்தொகையில் 25ஆவது பாட்டு, கபிலர் பாடியது. அவன் இரகசியமாக அவளைக் கூடினான், மணந்துகொள்வதாகச் சொன்னான், இப்போது ஆளைக் காணோம். அவள் தோழியிடம் சொல்கிறாள். அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று. அப்புறம் மூன்று அடி:

தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்காலோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு நின்றது. முடிந்தது பாட்டு. பார்த்த ஒரே சாட்சி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இதை நடத்திவிட்டு “குருகு இப்பாடலில் உணர்த்தும் கருத்துகள் மூன்றனை எழுதுக” என்று கேள்வி கொடுத்தவன் நான். பிள்ளைகளும் மூன்று எழுதினார்கள். சாட்சி சொல்ல முடியாத பறவை, தன் இரையிலேயே குறியாக இருக்கும் தலைவன், தனிமை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். செந்தூல் தங்கச்சி சொல்கிற மளிகைப் பட்டியலை நான் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே எழுத வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் பாலேக் பூலாவ் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனேன். வயல் ஓரம் வாய்க்கால். அதில் ஒரு வெள்ளைக் கொக்கு. நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கால் மணி நேரம் இருக்கும். ஒரு காலைத் தூக்கியது, தண்ணீரில் வைக்கவில்லை, தூக்கியபடியே நின்றது. லோரி போனது, ஹாரன் அடித்தான், அது திரும்பவில்லை. நான் இருமினேன், திரும்பவில்லை. அந்தக் கழுத்து ஒரு நூலளவுகூட அசையவில்லை. எனக்கு என்னமோ செய்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்! தன் வாழ்க்கையில் நடந்த பெரிய காரியம், அதற்குப் பக்கத்திலேயே ஒரு உயிர் நின்றிருக்கிறது, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பது வருடம் நடத்திய பாட்டு அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது.

இதை வைத்து விளக்கம் வேண்டாம் என்று கட்சி கட்ட வேண்டாம். உ.வே.சா. 1937இல் பதவுரையும் விளக்கவுரையுமாகக் குறுந்தொகையைப் பதிப்பித்திராவிட்டால் எனக்கு ஆரலும் தெரியாது, குருகும் தெரியாது. அந்த வாய்க்காலில் வண்டியை நிறுத்தியிருக்கவே மாட்டேன்.

அப்புறம் படகுத்துறைத் தம்பிக்கு. அந்தப் பெருக்குகிற அம்மா கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் சொன்னது என்ன? விளக்கம்தானே தம்பி! நோயில் விழுந்தான், பயந்தான், மன்னிப்புக் கேட்கிறான் என்பது முழு உரை. பண்டிதர்களைவிட நல்ல உரை, அவ்வளவுதான். தண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மா கேட்கவில்லை, அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

படகுத்துறை | சனி, மாலை 5.44

ஐயா, ஒரே போடு எனக்கே விழுந்துவிட்டது.

கத்தரிக்கோல் | சனி, இரவு 8.10

ஐயா, அருமை. ஒரு சின்ன முரண்டு மட்டும்.

நம் மரபிலேயே ‘இது அது’ என்று சொல்வதற்கு இடம் இருக்கிறதே. உள்ளுறை உவமம் என்று தொல்காப்பியம் தனியாகப் பெயர் வைத்திருக்கிறது. பொய்கையில் எருமை தாமரையை மேய்ந்தால் பரத்தையிடம் போகிற தலைவன் என்று படிக்கிறோம். அங்கே எருமை வெறும் எருமை இல்லை. கவிஞரும் கேட்பவரும் ஒரே பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

தார்க்கோவ்ஸ்கி அந்தப் பட்டியல் தன்னிடம் இல்லை என்கிறார். ஆனால் நானே காலையில் அவருக்காக வக்காலத்து வாங்கிவிட்டு அப்புறம் யோசித்தேன். எதற்கும் அர்த்தம் இல்லை என்று சொன்ன மனிதர் ஒரு முழுப் புத்தகம் விளக்கம் எழுதியிருக்கிறார். பனிக்காட்சியில் புரூகல் ஓவியத்தைச் சாடைமாடையாக வைக்கிறார், பாக் இசையைப் போடுகிறார். இதெல்லாம் தெரிந்தவன் பார்க்கட்டும் என்றுதானே? கொஞ்சம் நடிப்பும் உண்டு அவரிடம்.

ஆனாலும் அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. ‘மிரர்’ எடுக்கும்போது தன் சின்ன வயது வீட்டை அதே இடத்தில் மறுபடி கட்டினார். வீட்டு முன்னால் அந்தக் காலத்தில் பக்வீட் என்ற தானியம் விளைந்து, பூக்கும்போது பனி பெய்த மாதிரி வெள்ளையாக இருக்குமாம். படம் எடுக்கப் போனபோது பல வருடங்களாக அங்கே வேறு பயிர்தான். பக்வீட் இங்கே வராது என்று கூட்டுப்பண்ணைக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். நிலத்தை வாடகைக்கு எடுத்து விதைத்தார். பூத்தது. பூக்காமல் போயிருந்தால் படம் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை என்று எழுதுகிறார். குறியீடுதான் வேண்டும் என்றால் எந்த வெள்ளைப் பூவும் போதுமே. அந்தப் பூவேதான் வேண்டும் என்று ஒரு பருவம் காத்திருந்த ஆள் அவர்.

பால்மரம் | ஞாயிறு, காலை 7.20

எல்லாருக்கும் காலை வணக்கம். பசியாறிவிட்டு எழுதுகிறேன். நான் இங்கே வாசிக்கிறதோடு சரி, எழுதுவதில்லை. வயது அறுபத்தி நாலு. கெடாவில் ஒரு பால்மரத் தோட்டத்தில், ரப்பர் தோட்டம்தான், பிறந்து வளர்ந்தவன், இப்போது பினாங்கில் மகள் வீட்டில்.

போன வருடம் மகள் ‘ஸ்டாக்கர்’ போட்டாள். “அப்பா, இது மெதுவாகப் போகும், தூக்கம் வந்தால் தூங்குங்கள்” என்றாள். மூன்று ஆட்கள் எங்கேயோ போகிறார்கள். பாழடைந்த கட்டடம், எங்கே பார்த்தாலும் தண்ணீர். கடைசிப் பக்கம் ஒரு அறை வாசலில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே போகவில்லை. அப்போது அந்த அறைக்குள்ளேயே மழை பெய்யும். கொஞ்ச நேரம் பெய்து நிற்கும். யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள்.

மகள் என்னிடம், “இந்த மழை எவ்வளவு அழகு பாருங்கள்” என்றாள். நான், “இன்றைக்கு வேலை இல்லை” என்று சொல்லிவிட்டேன். தானாக வந்துவிட்டது வாயில். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். விடியுமுன்னே எழுந்து பெரட்டுக்கு, பெயர் கூப்பிடுகிற இடத்துக்கு, போக வேண்டும். மழை பெய்தால் மரப்பட்டை ஈரம். ஈர மரத்தில் வெட்டினால் பால் கோட்டில் இறங்காது, பட்டையெல்லாம் பரவி ஓடும், பால் பிடிக்கிற மங்கில் தண்ணீர்தான் நிற்கும். அதனால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. நாலு மணிக்கு எங்கம்மா எழுந்து லயத்து வீட்டுக் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். அந்தக் கை எனக்கு இன்னும் தெரிகிறது. ஈரமாக உள்ளே வந்தால் அன்றைக்கு யாரும் அதிகம் பேச மாட்டார்கள். அப்பா சுவரோரம் குந்தியிருப்பார். அந்த மூன்று ஆட்களும் உட்கார்ந்திருந்த மாதிரியேதான். மழை ஓட்டில் பெய்கிற சத்தம் மட்டும்.

அந்த இயக்குநர் மழை எதற்கு என்று கேட்டவர்களிடம், எங்கள் நாட்டில் நிறைய மழை பெய்யும், நான் வளர்ந்த இடம் அப்படி என்று சொன்னதாக மகள் சொன்னாள். சரியான பதில். எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். “இன்றைக்கு வேலை இல்லை” என்று நான் சொன்னது விளக்கமா, அனுபவமா? ஆசிரியர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் படம் பார்ப்பதைப் பற்றி. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி மாதம் ஒரு படம் போடுவார்கள். முன்னால் இடம் இல்லையென்றால் பையன்கள் எல்லாம் துணிக்குப் பின்னால் போய் உட்காருவோம். எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பித் தெரியும், எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி சுழற்றுவார். ரொம்ப நாள் அவர் இடக்கைக்காரர் என்றே நினைத்திருந்தேன். மழை வந்தால் படம் பாதியில் நிற்கும். கடைசி ரீல் பார்க்காத படங்கள் இன்னும் பத்துப் பதினைந்து கணக்கில் இருக்கின்றன.

தண்ணீர்மலை அடிவாரம் | ஞாயிறு, காலை 8.05

பால்மரத்தாரே, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடம் முன்னால் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன், அதுவும் மூன்று கருத்துகளாக.

உங்கள் அம்மாவின் கையை இனி நான் மறக்கப்போவதில்லை.

செந்தூல் ரயில் | ஞாயிறு, காலை 10.10

பால்மரம் அண்ணே, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான், சிலாங்கூர் பக்கம். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கூச்சிங்கில் பிறந்து தைவானில் பெயர் வாங்கிய சாய் மிங் லியாங், 2006இல் நம் கோலாலம்பூரிலேயே ஒரு படம் எடுத்தார், ‘ஐ டோன்ட் வான்ட் டு ஸ்லீப் அலோன்’. இங்கே முதலில் தடை செய்து, அப்புறம் வெட்டுகளோடு விட்டார்கள். பேச்சு ரொம்பக் குறைவு. பாதியில் நின்றுபோன ஒரு பெரிய கட்டடம், உள்ளே கறுப்பாகத் தேங்கிய தண்ணீர், அதில் கடைசியில் ஒரு மெத்தை மிதந்து வரும். ஊர் முழுக்கப் புகைமூட்டம், எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிவார்கள். வெளிநாட்டில் படிக்கிற தோழி ஒருத்தி, அந்தப் புகை நகர மனிதனின் தனிமையைக் குறிக்கிறது என்று எழுதி அனுப்பினாள். எனக்குத் தொண்டை கரகரத்தது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்த வாரம் அது அப்படியே. புகைக் குறியீடு ஐந்நூறைத் தாண்டியது. பக்கத்து ஃபிளாட் கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா ஈரத் துணியைக் கதவிடுக்கில் செருகி வைப்பார்.

மூன்றாம் வரிசை அண்ணே, உங்கள் அச்சகக் காட்சி இதுதானே? அந்த வெளிநாட்டுத் தோழியின் நிலையில்தான் நான் அன்றைக்கு மாடியில் இருந்தேன். கைப்பேசியை எடுத்த நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் வரிசை | ஞாயிறு, காலை 10.25

தெரியும். நீங்கள் நேரே எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள்.

நைட் ஷிஃப்ட் | திங்கள், அதிகாலை 4.40

பிரேக் நேரத்தில் எழுதுகிறேன். யாரும் சிரிக்கக் கூடாது.

இவ்வளவு பேசுகிறீர்களே என்று தேடினேன். அவருடைய ‘நொஸ்டால்ஜியா’ படத்திலிருந்து ஒரு காட்சி கிடைத்தது. கோட்டுப் போட்ட ஒரு ஆள், தண்ணீர் வற்றிய பெரிய குளம், கையில் மெழுகுவத்தி. அணையாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஏன் என்று எனக்குத் தெரியாது, முன்கதையும் பார்க்கவில்லை. ஒன்பது நிமிடம் ஓடும் என்று போட்டிருந்தது. கேன்டீனில் மீ கோரெங் ஆறிக்கொண்டிருக்கிறது.

முதல் தடவை அணைந்தது. திரும்பி நடந்து முதலிலிருந்து. இரண்டாவது தடவை ரொம்ப தூரம் போய் அணைந்தது. “அடச்சே!” என்று சத்தமாகவே கத்திவிட்டேன், லைன் லீடர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் கோட்டை இழுத்து மறைத்து, கையைக் குவித்து, அடிமேல் அடி வைத்து நடக்கும்போது நான் என் கைப்பேசியைக் கையால் மறைத்துப் பிடித்திருக்கிறேன். மேலே ஃபேன் ஓடுகிறதாம், அதற்கு! எப்போது அப்படிப் பிடித்தேன் என்றே தெரியாது.

சின்ன வயதில் கார்த்திகைக்கு அகல் விளக்கை வீட்டு வாசலிலிருந்து கேட் வரைக்கும் கொண்டு போவது என் வேலை. அதுதான் ஞாபகம் வந்தது. விளக்கம் யாரும் சொல்ல வேண்டாம், கொஞ்ச நாளைக்கு.

ஃபேன் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ‘மிரர்’ இன்னும் பார்க்கவில்லை, அதனால் பாதி வாபஸ்.

கத்தரிக்கோல் | திங்கள், காலை 9.00

ஒரு காட்சியின் நீளத்தைக் கூட்டினால் முதலில் சலிக்கும், இன்னும் கூட்டிக்கொண்டே போனால் வேறு மாதிரி ஒரு கவனம் பிறக்கும் என்று தார்க்கோவ்ஸ்கி சொல்லியிருக்கிறார். நான் இதை வருடக்கணக்காகத் தயாரிப்பாளர்களிடம் சொல்லித் தோற்றிருக்கிறேன். இனிமேல் மீ கோரெங் கதையைச் சொல்லப்போகிறேன்.

செந்தூல் ரயில் | திங்கள், இரவு 9.30

சரி, முடிவுக்கு வருவோம். மாடி நண்பரிடம் பேசிவிட்டேன். அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ‘ஸ்டாக்கர்’. இரண்டே முக்கால் மணி நேரம் கிட்ட ஓடும், இந்தத் தடவை நிஜமாகவே நீளம், நைட் ஷிஃப்ட் கவனிக்கவும். படம் தொடங்கும் முன் பத்தே நிமிடம் மூன்றாம் வரிசை அண்ணன் பேசுவார். எங்கே எடுத்தது, எந்த நாவலிலிருந்து, எந்தக் காலம், அதோடு சரி. படம் முடிந்ததும் மாடியில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேச வேண்டியவர்கள் படியிறங்கிக் கீழே மாமாக் டீக்கடைக்குப் போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

மூன்றாம் வரிசை | திங்கள், இரவு 9.41

ஒப்புக்கொள்கிறேன். தே தாரிக் என் செலவு. காற்று பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

செந்தூல் ரயில் | திங்கள், இரவு 9.43

காற்றைப் பற்றி நீங்கள் பேசலாம் அண்ணே. இப்போது அது பரவாயில்லை. நேற்று மறுபடி பார்த்தேன், உங்கள் அப்பாவும் இருந்தார், என் புல்லும் இருந்தது.

பால்மரம் | திங்கள், இரவு 10.02

நானும் மகளும் பட்டர்வொர்த்திலிருந்து ரயில் பிடித்து வருகிறோம். ஒரே ஒரு கேள்வி தங்கச்சி. மழை வந்தால் படம் உண்டா?

செந்தூல் ரயில் | திங்கள், இரவு 10.04

உண்டு அண்ணே. மாடிக்குக் கூரை இருக்கிறது. தகரம்தான், சத்தம் கொஞ்சம் கேட்கும்.